கேட்காமல் பாடிய பேர்கள்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குள் ஆரோக்கியசெல்வி செத்துப்போனதாக அனந்தபுரம் வரை பேச்சு போய்விட்டது. முதலில் அழைத்தவள் அவளுடைய சித்தி மகள் லூர்துமேரி. ஃபோனை எடுத்ததும் அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம்.

"அக்கா, நீதானா?"

"வேற யாரு? உலை கொதிக்குது. ஜல்தியாச் சொல்லு."

"உன் பேரச் சொல்லிப் பாடிக்கினு இருக்காங்க. செத்தவங்க பேரோட பேரா."

"யாரு?"

"சினிமாவுலதான்."

திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் செல்வி சத்துணவு அமைப்பாளர். நூற்று முப்பது பிள்ளைகளுக்கு அரிசி போட வேண்டிய நேரம். ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டாள். அது மறுபடி அடித்தது. மறுபடியும் அடித்தது. அரிசியைக் களைந்து போட்டுவிட்டு, நாடகக் குழுவில் கூடப் பாடும் இசைவாணி அனுப்பியிருந்த வீடியோவைச் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள்.

நாற்பது விநாடிதான். கல்குவாரி. புகை. வெள்ளைப் புடவையில் பெண்கள் வரிசையாக இறங்குகிறார்கள். ஊரறிந்த ஒரு பாடகியின் குரல்.

வெடிச்ச நேரம் எங்க நின்ன, சொல்லு பூமாலை
விளக்கு வெச்சும் வீடு வரல, சொல்லு பூமாலை

அடுத்த அடியில் பூமாலைக்குப் பதில் பிரான்சிஸ். அதற்கடுத்து இசைவாணி. கடைசியில் குரல் உடைந்து, வயலின் ஏறி, ஆரோக்கியசெல்வி.

நான்கு பேரும் உயிரோடு இருந்தார்கள்.

'வெடிநேரம்' என்ற நாடகத்தை இருபத்திரண்டு வருடமாக அவர்கள் குழு போட்டுவந்தது. குவாரியில் மதியம் வெடி வைக்கும் நேரத்தில் தொடங்கி மாலையில் முடியும் கதை. வசனம் குறைவு, பாட்டு ஆறு. ஆறையும் எழுதியவள் செல்வி. விழுப்புரம் மாவட்டத்தில் கல் உடைக்கும் ஊர்களில் அந்த நாடகம் வராத ஊர் இல்லை. கோயில் திருவிழாவுக்கும் கூப்பிட்டார்கள், மாதா தேர்பவனிக்கும் கூப்பிட்டார்கள். பாட்டுகளை வயலில் மல்லாட்டைக்கடலை பிடுங்கும் பெண்கள் பாடினார்கள், மேடையில் வேறு குழுக்கள் பாடின, கல்லூரிப் பிள்ளைகள் பாடினார்கள். யாரும் செல்வியின் பெயரைச் சொன்னதில்லை. மக்கள் பாட்டு என்றார்கள். எழுதியவள் முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

ஆறாவது பாட்டுதான் பேர் பாட்டு. அதில் பேர் வரும் இடம் காலி. எந்த ஊரில் நாடகமோ, அந்த ஊரில் குவாரியில் செத்தவர்களின் பேரை அங்கே வைத்துப் பாடவேண்டும். அன்று மதியமே செல்வி வீடு வீடாகப் போய்க் கேட்பாள். "உங்க வீட்டுப் பேரப் பாடலாமா?" பாடு என்றால் பாடுவார்கள். வேண்டாம் என்றால் அந்தப் பேர் வராது. ஒத்திகையில் செத்தவர் பேரை எடுப்பதில்லை. கேட்காமல், அழ ஆளில்லாத இடத்தில், சும்மா பழகுவதற்காக ஒருவரின் சாவைச் சொல்லக் கூடாது. ஒத்திகையில் தங்கள் பேரையே வைத்துப் பாடிக்கொள்வார்கள். சிரித்துக்கொண்டே பாடுவார்கள். பூமாலை தன் பேர் வரும்போது நாக்கைத் தள்ளிக்காட்டுவார்.

பொங்கல் கழித்துப் படத்தின் இயக்குநர் கலைப்பிரியா ஒலிப்பதிவாளரோடு வந்து பதிவு செய்துகொண்டு போனது ஒரு ஒத்திகையை.

சாயங்காலம் பிரான்சிஸின் மெக்கானிக் கடையில் கூடினார்கள். ஹார்மோனியம் வாசிப்பவன் அவன். கிரீஸ் கையோடு நின்றான். இசைவாணி ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். அவளுக்கு ஆறு மாதம்.

"மாமியா காலையிலருந்து ஒப்பாரி வெச்சிக்கினு இருக்குது அக்கா. வயித்துல புள்ளைய வெச்சிக்கினு இருக்கறவ பேர இப்பிடியா பாடுவாங்கன்னு. வூட்ட விட்டு வெளிய போவாதன்னு ஒரே பேஜாரு."

"சினிமாவுல செத்தா ஆயுசு கெட்டின்னு சொல்லு" என்றார் பூமாலை. அறுபத்திரண்டு வயது. தவில் அவருடையது. கடை ஸ்டூலில் உட்கார்ந்து அந்த நாற்பது விநாடியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். "முதல் பேரே நான்தான், பாத்தியா? அந்தம்மா இன்னா மாதிரி இழுக்குது. சொல்லு பூமாலே... எம் பொண்டாட்டி ஒரு நாள் இப்பிடிக் கூப்ட்டிருப்பாளா?"

"உங்களுக்கு உறைக்கவே இல்லியா மாமா?" என்றாள் இசைவாணி.

"எனக்கு இன்னா உறைக்கணும்? நாலு சுவத்துல ஒரு நோட்டீசுல எம் பேரு வந்ததில்ல. செத்தோ பொழச்சோ, வருதில்ல."

செல்வி கலைப்பிரியாவை அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

கலைப்பிரியா விழுப்புரத்துப் பெண். பத்து வயதில் அனந்தபுரத்தில் மாமா வீட்டுக்கு வந்தபோது 'வெடிநேரம்' பார்த்தவள். அதைப் படமாக்குவதற்காகவே சினிமாவுக்குப் போனேன் என்று எல்லாப் பேட்டியிலும் சொன்னாள். அது பொய்யில்லை. நான்கு வருடம் தயாரிப்பாளர்கள் வீட்டு வாசலில் நின்றிருக்கிறாள்.

"அக்கா, நானே கூப்புடணும்னு இருந்தேன். பெரிய தப்பு நடந்துபோச்சு. அந்தப் பேருங்கல்லாம் நாடகத்துல வர்ற ஆளுங்கன்னு நெனச்சிட்டேன்."

"நீ சின்னப் புள்ளையில கேட்டது உங்க மாமா ஊர்ல செத்தவங்க பேரும்மா."

"இப்பத்தான்கா புரியுது. நீங்க ஒண்ணு பண்ணுங்க. முழுப் பாட்டுல ஏழு எடத்துல பேரு வருது, சரியான பேருங்க ஒரு ஏழு அனுப்புங்க. டப்பிங்ல மாத்திடுறேன். வெள்ளிக்கிழமை விழுப்புரத்துல ப்ரமோஷனுக்கு வர்றோம், அங்கயே குடுத்தீங்கன்னாகூடப் போதும். அப்பிடியே அந்தப் பேப்பர்லயும் கையெழுத்து போட்டுட்டீங்கன்னா..."

பேப்பர் என்பது ஆறு பாட்டுக்குமான ஒப்பந்தம். எல்லாம் வாய்ப்பேச்சில் ஓடிவிட்டது. பேர் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் போடுவேன் என்று செல்வி நிறுத்தி வைத்திருந்தாள். படம் வர இன்னும் பதினாறு நாள்.

ஃபோனை வைத்த பிறகு ஒரு படம் வந்தது. கலைப்பிரியா அனுப்பியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. பாடல்கள்: ஆரோக்கியசெல்வி.

செல்வி அதை யாருக்கும் காட்டவில்லை. கடைக்கு வெளியே போய் நின்று இரண்டு தடவை பார்த்தாள்.

ஏழு பேர். எந்த ஊர் ஏழு பேர்?

அன்று இரவு முழுக்க அது அவளைப் படுத்தியது. நாடகம் ஊருக்கு ஊர் மாறும். படம் மாறாது. ஒரு தடவை பாடினால் பாடினதுதான். மயிலத்திலும் அதே பேர், மதுரையிலும் அதே பேர். கடைசியில் கல்லேரிப்பட்டு என்று முடிவு செய்தாள். ஒரே குவாரியில் ஐந்து வீட்டில் ஏழு பேர் போன ஊர் அது. வெடி தானாக வெடித்தது, கல் தானாக உருண்டது என்று ஒவ்வொரு தடவையும் எழுதி முடித்தார்கள். முதலாளி மேல் ஒரு வழக்கும் நிற்கவில்லை.

புதன்கிழமை அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

முதல் வீடு முத்துசாமி வீடு. மகனைப் பறிகொடுத்தவர். மூன்று தடவை அந்த ஊரில் நாடகம் நடந்தபோதும் பேரைப் பாடச் சொன்னவர். செல்வி விஷயத்தைச் சொன்னதும் தலையை ஆட்டினார்.

"வேணாம்மா."

"ஏன் அண்ணே?"

"நீ பாடறப்ப நான் எதுத்தாப்புல குந்திக்கினு உம் மூஞ்சியப் பாத்துக்கினு இருப்பேன். தப்பாப் பாடினியானா எழுந்து வந்து கேப்பேன். சினிமாக்காரன யார் போய்க் கேக்கறது? எம் புள்ள செத்ததப் பாத்துக்கினு எவனோ சோளப்பொரி தின்னுவான். வேணாம்."

அவர் சொன்னது அவளுக்கும் தோன்றியதுதான்.

அடுத்தது பாஞ்சாலி வீடு. அவள் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கணவன் போய் ஒன்பது வருடம். ஒரு தடவைகூடப் பேரைப் பாட விட்டதில்லை. கேட்டால் "எதுக்கு?" என்று மட்டும் சொல்வாள். இந்த முறையும் அதைத்தான் சொன்னாள். செல்வி எழுந்தாள்.

"யக்கா, நில்லு. அந்த சினிமா திண்டிவனத்துல ஓடுமா?"

"ஓடும்."

"டிவியில வருமா?"

"பின்னால வரும்."

"அப்ப அந்தாளு வீட்லயும் வரும்."

"எந்தாளு?"

"குவாரிக்காரன். நாடகம் போட்டியே, ஒரு வாட்டி வந்து குந்தினானா அவன்? நாங்க அழறத நாங்களே பாத்துக்கறதுக்கு எதுக்கு ஒரு நாடகம்னுதான் நான் வேணாம்னேன். சினிமான்னா அவன் பொண்டாட்டி பாப்பா. அவன் பேரப்புள்ளைங்க பாக்கும்." உரித்த தோலைத் தட்டிவிட்டாள். "ஆதார்ல குப்புசாமின்னு இருக்கும். அப்பிடிப் பாடாத. குவாரியில மணின்னுதான் கூப்புடுவாங்க. அவனும் மணின்னுதான் கூப்புடுவான். மணின்னே பாடு. அவனுக்குத் தெரியணும்."

இந்தப் பேச்சு செல்விக்கு முன்னால் மற்ற வீடுகளுக்குப் போய்விட்டது. அவள் போனபோது பேரோடு காத்திருந்தார்கள். ஒருத்தி, தன் வீட்டு ஆள் எந்தக் குழியில் விழுந்தான் என்பதையும் சேர்க்க முடியுமா என்று கேட்டாள். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது முத்துசாமி வேகமாக வந்தார். சட்டை பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"பாஞ்சாலி சொல்றது நெசமா? அவன் கேப்பானா?"

"கேப்பான் அண்ணே."

"அப்ப எம் புள்ள பேரையும் எழுதிக்க. முதல்ல போடு."

ஏழு பேரையும் செல்வி ஒரு தாளில் எழுதினாள். திண்டிவனம் வரும் வரை, இருபத்திரண்டு வருடத்தில் தனக்கு இது தோன்றாமல் போனதே என்று நினைத்துக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலின் இரண்டாவது மாடி. கலைப்பிரியா எழுந்துவந்து கட்டிக்கொண்டாள். தயாரிப்பு மேனேஜர் நடராசன் காபி சொன்னார். செல்வி தாளை நீட்டினாள். அவர்தான் வாங்கினார்.

"இவங்கல்லாம் நெஜமாவே இறந்தவங்களா மேடம்?"

"ஆமாங்க."

"ஒரே குவாரியில?"

"ஆமாங்க. வீடு வீடாக் கேட்டாச்சு. எல்லாரும் சம்மதம்."

அவர் தாளை மடித்து மேசையில் வைத்தார். "செத்தவங்க வீட்டு சம்மதம் இல்ல மேடம் விஷயம். குவாரி ஓனர் கோர்ட்டுக்குப் போவாரு. ரிலீஸ் நின்னுபோவும்."

"அவன் பேரு இதுல இல்லியே."

"மணின்னு பாடினா அவருக்குப் புரியும் இல்ல?"

"புரியறதுக்குத்தான் பாடச் சொல்றாங்க."

நடராசன் கலைப்பிரியாவைப் பார்த்தார். அவள் காபி டம்ளரைப் பார்த்தாள்.

"இங்க பாருங்க மேடம். இப்ப இருக்கற பேருங்களுக்கு ஒரு நல்லது இருக்குது. யாரும் சாகல. சாகாதவங்கள யாரு கொன்னாங்கன்னு எவனும் கேஸ் போட முடியாது. எங்க வக்கீலம்மாவே சொல்லிட்டாங்க, இது இப்பிடியே இருக்கட்டும், இதுதான் சேஃப்னு."

"எப்ப சொன்னாங்க?"

"அது ஆச்சு, ரெண்டு மாசம்."

செல்வி கலைப்பிரியாவின் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு ரெண்டு மாசமாத் தெரியும்."

"அக்கா, வக்கீலம்மா ஒவ்வொரு பேரா யாரு யாருன்னு கேட்டாங்க. அப்பத்தான் விசாரிச்சேன். அதுக்குள்ள பாட்டு முடிஞ்சிடுச்சு..."

"செவ்வாக்கிழமை, இப்பத்தான்கா புரியுதுன்னு சொன்ன."

அவள் காபி டம்ளரை நகர்த்தி வைத்தாள்.

"சரி, அத வுடு. ஏழு பேரு வேணும்னு எதுக்குக் கேட்ட?"

"நீங்க ரொம்பக் கோவமா இருந்தீங்க. கொஞ்சம் ஆறட்டும்னு..."

பட்டன் மாறிப் போட்ட சட்டையோடு முத்துசாமி ஓடிவந்தது செல்வியின் கோபம் ஆறுவதற்காக. ஒன்பது வருடம் வாய் திறக்காதவள் திறந்தது ரிலீஸ் தேதிக்காக.

"செத்தவன் பேரச் சொன்னா கேஸ். உயிரோட இருக்கறவள சாவடிச்சா சேஃப்" என்றாள். "உங்க படத்துல கல்லு எங்கருந்து விழுது? ஆகாசத்துலருந்தா?"

"மேடம், உணர்ச்சிவசப்படாதீங்க."

"நான் உங்ககிட்டப் பேசல. நீங்க எங்க நாடகம் பாத்தவர் இல்ல. இவ பாத்தவ. பத்து வயசுல எங்க நாடகத்துல அழுதேன்னு ஊருக்கெல்லாம் சொல்றா. யாருக்குன்னு தெரியாமயே அழுதிருக்கா. அது குழந்தை, பரவால்ல. தெரிஞ்சப்புறமும் மாத்தல பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல."

கலைப்பிரியாவின் கண் நிறைந்தது. செல்வி அதைப் பார்க்காதவள்போல ஜன்னலைப் பார்த்தாள்.

நடராசன் பேப்பரை நகர்த்தி வைத்தார். "நேராவே சொல்லிடறேன். கையெழுத்து போட்டீங்கன்னா உங்க பேரு டைட்டில்ல வரும். பாட்டு இப்பிடியே வரும். போடலன்னா உங்க பேருங்க இருக்கற அந்த ஒரு பாட்ட எடுத்துடுவோம். மீதி அஞ்சும் கிராமியப் பாடல்னு போட்டுக்கினு போயிடுவோம். ஊரே பாடுது. நீங்க எழுதினதுக்கு இன்னா அத்தாட்சி?"

எழுதிய நோட்டு வீட்டில் இருந்தது. ஒரு மழையில் நனைந்து ஒட்டிப்போன நோட்டு. பேனா அவள் பக்கமாகவே கிடந்தது. அந்தக் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் நினைவுக்கு வந்தன. வேண்டும் என்றுதான் இருந்தது. இத்தனைக்குப் பிறகும் வேண்டும் என்றே இருந்தது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அவமானமாக இருந்தது.

மேசையிலிருந்து ஏழு பேர் எழுதிய தாளை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"எம் பேரு வேணாம். எங்க நாலு பேரையும் பாட்டுல வெச்சி எரிச்சதுக்கப்புறம், எழுதினதும் நான்தான்னு எழுதிக்கணுமா? பாட்ட எடுத்துடுங்க."

மாடிப்படி வரை கலைப்பிரியா பின்னால் வந்தாள். "அக்கா, அந்தப் பாட்டு இல்லன்னா படமே இல்லக்கா."

"ஆமாம்மா" என்றாள் செல்வி. "இல்லதான்."

கடையில் மூன்று பேரும் காத்திருந்தார்கள். சொன்னாள். இசைவாணி நீளமாக மூச்சு விட்டாள். பிரான்சிஸ் ஸ்பானரை வீசிவிட்டுக் கோர்ட்டுக்குப் போகலாம் என்றான். பூமாலை எழுந்து நின்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கல மாமா."

"மருமவன் இருவது பேருக்கு டிக்கெட்டு சொல்லி வெச்சிருக்கான். கட்சிக்காரன் மாதிரி ஃப்ளெக்ஸ் அடிக்கறேன்னான். நீ பாட்டுக்குப் போய் வேணாம்னு சொல்லிட்டு வர்ற. ஊரான் வூட்டுப் பேருக்கு வாசல் வாசலாப் போய் நிப்ப. எம் பேர எடுக்கறதுக்கு எங்கிட்டக் கேக்க மாட்ட. நல்லாக்குதே உன் நியாயம்."

"தப்புதான் மாமா" என்றாள் செல்வி. "கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப?"

"இருக்கட்டும்னுதான் சொல்லியிருப்பேன்!" கத்தினார். பிறகு உட்கார்ந்தார். "அந்தக் குவாரிக்காரன் தப்பிக்கறதுக்கா எம் பேரு? அதச் சொல்லியிருந்தா... அப்பக்கூட கொஞ்சம் யோசிச்சிருப்பேன்."

செல்வி வெளியே போய்ப் பாஞ்சாலியை அழைத்தாள். சுற்றி வளைக்கவில்லை. படத்தில் மணி வரமாட்டான், ஏழு பேரும் வரமாட்டார்கள் என்றாள். காரணத்தையும் சொன்னாள்.

அந்தப் பக்கம் முறத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"பயந்துக்கினானுங்களா?" என்றாள் பாஞ்சாலி.

"ஆமா."

"பேருக்கே?"

"பேருக்கேதான்."

"அவ்ளோ பயம் இருக்குதா அதுல? எனக்குத் தெரியாமப் போச்சே யக்கா." பாஞ்சாலியின் குரல் ஏறியது. "அவன் வூடு திண்டிவனத்துலதான். நான் ரெண்டு வருசம் அங்க பாத்திரம் தேச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம காலையில எல்லாம் வூட்லதான் இருக்கும். நாடகம் வேணாம். அந்த ஒரு பாட்டு போதும். வர்றியா, இல்ல உனக்கும் கோர்ட்டு கேஸ்னு ஏதாச்சும் இருக்குதா?"

செல்வி உள்ளே வந்து சொன்னாள். இந்த முறை மூன்று பேரையும் தனித்தனியாகக் கேட்டாள். இசைவாணியை வரவேண்டாம் என்றாள். அவள் முறைத்தாள். பிரான்சிஸ் மைக் செட் கொண்டுவருகிறேன் என்றான். போலீஸ் வந்தால் என்று பூமாலை கேட்டார்.

"வரட்டும். அவங்கதான எழுதினவங்க, கல்லு தானா உருண்டுதுன்னு. அவங்களும் கேக்கட்டும்."

"சரி" என்றார் பூமாலை. "ஆனா இன்னும் உம்மேல எனக்குக் கோவம்தான்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. அகலமான தெரு. இரண்டு மாடி வீடு, கறுப்புக் கிரானைட் பதித்த மதில். கல்லேரிப்பட்டிலிருந்து இரண்டு ஷேர் ஆட்டோவில் வந்திருந்தார்கள். ஐந்து வீட்டு ஆட்களும் வந்திருந்தார்கள். முத்துசாமி கேட்டுக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தார், எப்போதும் உட்காருவதுபோல, செல்வியின் முகம் தெரியும்படி. வாட்ச்மேன் வந்து என்ன என்று கேட்டான். பாஞ்சாலி அவனிடம், ஒண்ணுமில்ல தம்பி, ஒரு பாட்டு, என்றாள்.

பூமாலை தவிலைத் தொட்டார். செல்வி தாளைப் பார்க்காமலே தொடங்கினாள். முதலில் முத்துசாமியின் மகன். அவர் வாய் கூடவே அசைந்தது. இரண்டாவது பேர். மூன்றாவதாக மணி.

மாடியில் ஒரு கை வந்து ஜன்னலைச் சாத்தியது. பிரான்சிஸ் சத்தத்தைக் கூட்டினான்.